பெரிய கத்தி வாங்கும் முன்: கொங்கு நாட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய கத்தி என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

மடக்க இயலாததும், அலகு 6 அங்குலத்துக்குக் குறையாததும், அலகின் எஃகே தொடர்ந்து பிடிக்குள் இறங்குவதுமான கத்திகளைக் குறிப்பிடுகிறோம். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த கொடுவாளும், இணையக் கடைகளில் போர்க்கத்தி என்றும் வேட்டைக்கத்தி என்றும் விற்கப்படும் வெளிநாட்டு வடிவங்களும் இதில் அடங்கும். சமையலறைக் கத்தியும் மடக்குக் கத்தியும் அடங்கா.

போர்க்கத்தி ஒன்றை வாங்கிவிட்டால் தோட்ட வேலைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே போதாதா?

போதாது. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் விளம்பரப் படத்தைப் பார்த்துத் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான வேலையைப் பிறகு தேடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

போர்க்கத்திகளில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்னும் இருவர் வடிவமைத்த குத்துவாள் முதல் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. இருபுறமும் கூர், ஊசி போன்ற முனை, ஒடுங்கிய அலகு என்று அதன் ஒவ்வொரு கூறும் ஆளைக் குத்துவதற்கென்றே அமைந்தது. அதை வைத்து ஒரு மரப்பெட்டியைத் திறக்க நெம்பினால் முனை ஒடியும். முதுகு என்ற ஒன்றே இல்லாததால் கட்டைவிரலை வைத்து அழுத்தவோ கட்டையால் தட்டவோ வழியில்லை. இரண்டாம் வகை, 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட, இன்று கா-பார் என்ற பெயரால் அறியப்படும் கத்தி. 7 அங்குல அலகும், ஒருபுறக் கூரும், தோல் வில்லைகளை அடுக்கிச் செய்த பிடியும் கொண்ட அது, சண்டைக்கும் பொது வேலைக்கும் சேர்த்தே ஏற்கப்பட்டது. படைவீரனும் தன் நாளின் பெரும்பகுதியில் கயிறு அறுக்கவும், பெட்டி திறக்கவும், கம்பு சீவவும்தான் கத்தியை எடுக்கிறான் என்பதால் இவ்வகை நீடித்து நின்றது.

ஆயினும் அந்த இரண்டாம் வகையும் ஏறக்குறைய 300 கிராம் எடைதான் இருக்கும். காய்ந்த தென்னை மட்டையையோ சீமைக்கருவேல் கிளையையோ வெட்டித் தள்ள அந்த எடை போதாது. வெட்டும் விசை கத்தியின் எடையிலிருந்தும் அது வீசப்படும் வேகத்திலிருந்தும் வருகிறது. இலேசான கத்தியில் குறைகிற விசையை உங்கள் தோள்பட்டைதான் ஈடுகட்டியாக வேண்டும். ஆகவே வேலையை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு வடிவத்தைத் தேடுங்கள்.

எந்த வேலைக்கு எவ்வளவு நீளமும் எடையும் தேவை?

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கிளுவை வேலியைக் கவாத்து செய்பவருக்கும், வேலிகளுக்கு இடையே செல்லும் பாதையான இட்டேரியின் இருபுறமும் சாய்ந்து கிடக்கும் முள்ளை ஒதுக்குபவருக்கும், கைக்கும் முள்ளுக்கும் இடையே தொலைவு வேண்டும். அலகு 10 முதல் 12 அங்குலம், மெல்லிய முதுகு, நீண்ட பிடி ஆகியவை அங்கே உதவும். கிளுவை மென்மரம் என்பதால் கனம் தேவையில்லை. கனமான கொடுவாளை எடுத்துச் சென்றால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும்.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் மட்டை கழிப்பதும் இளநீர் சீவுவதும் வேறு வகை வேலை. அங்கே மூக்குப் பக்கம் கனத்த, முக்கால் கிலோ அளவுள்ள கொடுவாளே ஏற்றது. இளநீர் மட்டும் சீவுகிறவர் அகலமான, நேரான வாய் (வெட்டும் விளிம்பு) உள்ள கத்தியை விரும்புவார். மரமேறுகிறவரோ இடுப்பில் தொங்கும் கனத்தையும் எண்ணியாக வேண்டும் என்பதால் சிறியதையே கேட்பார். சீமைக்கருவேல் முற்றிய கட்டைக்கு எந்தக் கத்தியும் முழுமையான விடையன்று. கணுக்கால் பருமனைத் தாண்டிவிட்டால் கோடரியை எடுப்பதே அறிவுடைமை. கத்தியால் அடித்து அடித்து வாயைக் கெடுத்துக்கொண்டு பட்டறைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும், கயிறு, சொட்டுநீர்க் குழாய், தீவனச் சாக்கு முதலியவற்றை அறுக்கவும் 6 அல்லது 7 அங்குல நேர்கத்தி மிகவும் வசதியானது. மேற்சொன்ன இரண்டாம் வகைப் போர்க்கத்தியின் வடிவம் பயன்படுவது இங்கேதான். பண்ணயம் உள்ள வீட்டுக்கு ஒரு கொடுவாளும் ஒரு நடுத்தர நேர்கத்தியும் போதும். இரண்டின் வேலையையும் செய்கிறேன் என்று வரும் ஒரே கத்தி இரண்டையும் அரைகுறையாகச் செய்யும்.

கொடுவாளைக் காட்டிலும் நேபாளத்து வளைகத்தியான குக்ரி சிறந்ததா?

இரண்டும் ஒரே கணக்கின்படி இயங்குபவை. அலகு முன்னோக்கி வளைந்து, கனம் முனைப் பக்கம் திரண்டிருப்பதால், வீசும்போது வெட்டு ஆழமாக இறங்குகிறது. குக்ரிக்குக் கூர்முனை உண்டு. நம் கொடுவாளின் மூக்கு உள்நோக்கி வளைந்திருப்பதால் கிளையைக் கொக்கிபோல் இழுத்து அறுக்கலாம், கல்லிலும் மண்ணிலும் முனை குத்திக் கெடும் வாய்ப்பும் குறைவு. வேலி வேலைக்குக் கொடுவாளே மேல் என்பது என் கருத்து. கையில் பழகிய வடிவத்தை விட்டுவிட்டு அயல் வடிவத்துக்கு மாற வேண்டுமானால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். அழகு அத்தகைய காரணமாகாது.

லாரிப் பட்டையில் செய்த கத்தி என்கிறார்களே, அது நல்ல எஃகா?

நல்ல எஃகுதான். லாரியின் அடியில் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகள், ஏறக்குறைய 0.5 முதல் 0.65 விழுக்காடு கரிமமும், வகைக்கேற்பச் சிலிக்கான், மாங்கனீசு அல்லது குரோமியமும் கலந்த எஃகால் ஆனவை. வளைந்தாலும் மீண்டும் நிமிர வேண்டும் என்பதற்காகவே அக்கலவை தேர்ந்தெடுக்கப்படுகிறது. வெட்டுக்கத்திக்கும் அதே இயல்புதான் தேவை. வெளிநாட்டுக் கைவினைஞர்கள் பெரிய கத்திகளுக்கு விரும்பும் 5160 என்னும் எஃகும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆனால் பழைய பட்டையில் ஓர் இடர் உண்டு. ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கி அசைந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம். கத்தியாக்கிய பிறகு வேகமாக வெட்டும் ஒரு நாளில் அது அலகை இரண்டாக்கும். பட்டறையில் புதுப்பட்டை அல்லது அதிகம் ஓடாத பட்டையைக் கேட்டு வாங்குங்கள். போல்ட் துளைக்கு அருகிலுள்ள பகுதியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சிலர் தண்டவாள இரும்பைப் பெருமையாகச் சொல்லி விற்பார்கள். எஃகு நல்லதே, ஆனால் இரயில்வே சொத்தைக் கணக்கின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால் பராமரிப்பு மிச்சமல்லவா?

எந்தத் துருப்பிடிக்காத எஃகு என்பதைப் பொறுத்தது. பாத்திரக்கடைத் தகடான 304 என்னும் வகையை எவ்வளவு காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தாலும் கடினமாகாது. அதில் செய்த கத்தி பளபளக்கும், வெட்டாது. 420 முதலிய வகைகள் கடினமாகும். ஈரத்தில் வைத்து அறுக்கும் மீன் வேலைக்கும் இறைச்சி வேலைக்கும் ஏற்றவை. நீண்ட அலகை ஓங்கிக் கட்டையில் அடிக்கும் வேலைக்குக் கரிம எஃகின் உறுதி துருப்பிடிக்காத வகைகளில் எளிதில் கிடைப்பதில்லை. நம் வறண்ட காட்டில் துரு ஒரு பெரும் பகையும் அன்று. மழைக்காலத்தில் சற்றுக் கவனம் போதும்.

அலைவரிக் கோலமிட்ட டமாஸ்கஸ் கத்தியை நம்பி வாங்கலாமா? நம் ஊர்ப் பழைய உருக்கும் அதுதான் என்கிறார்களே?

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் (உலோகம் உருக்கும் மண்குப்பியில்) எஃகு செய்ததற்கான சான்றுகளும் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய மூசை எஃகு மேற்காசியா வரை சென்று வாளாகி, பரப்பில் அலைவரி காட்டிப் புகழ்பெற்றது. இது வரலாறு, கொங்கு நாட்டார் பெருமைப்படத் தக்கது. இன்று கடையில் கிடைப்பதோ, இரு வகை எஃகுகளை அடுக்கிப் பற்றவைத்து, மடக்கித் தட்டி, அமிலத்தில் நனைத்துக் கோலம் வெளிப்படுத்தியது. நேர்மையான கைவினைஞர் செய்தால் அதுவும் நன்றாகவே வெட்டும். ஆனால் மலிவான கத்திகளில் அடுக்குகளுக்குள் கடினமாகாத இரும்பு கலந்திருப்பதும், சிலவற்றில் கோலம் வெறும் மேற்பூச்சாக இருப்பதும் உண்டு. கோலத்துக்குக் கொடுக்கும் பணம் வெட்டுக்கு உதவுவதில்லை. கொடுமணலின் பெயரைச் சொல்லி விற்பவரிடம், எஃகின் வகையையும் தோய்த்த முறையையும் கேளுங்கள். விடை வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

தோய்ச்சல் சரியாக இருக்கிறதா என்பதை வாங்கும்போதே எப்படி அறிவது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டுமே படிக்க நேரம் இருப்பவர் இதைப் படிக்கட்டும். ஒரே பட்டையிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்று பத்தாண்டு உழைப்பதும் மற்றொன்று பத்து நாளில் வாய் மடிவதும் பெரும்பாலும் தோய்ச்சலால்தான். எஃகின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதற்குப் பிறகே.

எஃகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சும்போது, ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் அது காந்தத்தில் ஒட்டும் இயல்பை இழக்கிறது. அதற்குச் சற்று மேலே கொண்டுபோய், திடீரெனக் குளிரவைத்தால் கடினமாகிறது. ஆனால் அந்நிலையில் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டி அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். பழைய முறையில் வேலை செய்யும் கொல்லர் வாய்ப்பகுதியை மட்டும் நீரில் ஒரு கணம் முக்கி எடுத்து, முதுகில் தங்கியிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்கும்போது தெரியும் நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகை, பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300 என்று நிறம் மாறும். வெட்டுக்கத்தியின் வாயில் பழுப்பும் ஊதாவும் சந்திக்கும் நேரத்தில் முழுவதையும் முக்கி நிறுத்தினால், வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் அமையும். நவீனப் பட்டறைகளில் ஸ்பிரிங் எஃகை எண்ணெயில் தோய்க்கிறார்கள்; நீரில் முழுதாகத் தோய்த்தால் விரிசல் விடும் அபாயம் உண்டு. கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் பெரிய வெட்டுக்கத்திக்கு 50 முதல் 56 வரை போதுமானது. 60 என்று பெருமையடிக்கும் விளம்பரம் காய்கறிக் கத்திக்குப் பொருந்தலாம்; கட்டையில் ஓங்கி அடிக்கும் கத்திக்கு அது குறையே.

சோதிக்கும் முறை எளிது. புது அரத்தின் நுனியை வாயின் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் பற்றாமல் வழுக்கிக்கொண்டே போனால் மிகக் கடினம். வெறும் இரும்பில் இறங்குவதுபோல் ஆழமாகக் கடித்தால் மென்மை. தயங்கித் தயங்கிக் கடித்தால் சரி. அடுத்து, விற்பவர் அனுமதியோடு காய்ந்த வேப்பங்கட்டையில் நாலு வெட்டு வெட்டி, வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வாய் மடிந்து மினுங்கினால் தோய்ச்சல் போதவில்லை. பல் விழுந்திருந்தால் வாட்டல் போதவில்லை. கடைசியாக, பிடி போடாத அலகாக இருந்தால் அதைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டுங்கள்; மணியோசை வராமல் மங்கலாக ஒலித்தால் விரிசலை ஐயுறலாம். இச்சோதனைகளுக்கு மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

பிடியும் காம்பும் எப்படி இருக்க வேண்டும்?

பிடிக்குள் இறங்கும் எஃகைக் காம்பு என்கிறோம். காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் நீண்டு, இருபுறமும் மரம் வைத்து ஆணியடித்திருந்தால் உறுதி மிகுதி. ஆனால் கனம் பின்னுக்கு வந்துவிடும், வெட்டின் அதிர்வும் கைக்கு ஏறும். நம் கொடுவாள்களில் கூராகச் சீவிய காம்பைக் காய்ச்சி மரப்பிடிக்குள் செலுத்தி, பிடியின் வாயில் பூண் போடுவார்கள். அது குறையான முறை அன்று. காம்பு பிடியின் பாதி நீளத்துக்காவது சென்றிருக்க வேண்டும், முடிந்தால் மறுமுனையில் வெளிவந்து மடித்து அடிக்கப்பட்டிருக்க வேண்டும். காம்பு அலகோடு சேரும் இடத்தில் செங்கோண வெட்டு இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும். கத்திகள் ஒடியும்போது பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஒடிகின்றன.

மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரப்பிடி சித்திரை வெயிலில் சுருங்கிப் பூணை விட்டுவிடும். பிடியின் கடைசி முனை சற்றுப் புடைத்து வளைந்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது.

முதுகில் இரம்பப் பல், உள்ளே தீப்பெட்டி வைக்கும் குழல் பிடி போன்றவை பயன்படுமா?

பயன்படா. குழல் பிடியில் பெரும்பாலும் காம்பே இருப்பதில்லை. ஓங்கி வெட்டினால் அலகு தனியே பறக்கும்.

சட்டப்படி எவ்வளவு நீளம் வரை வைத்துக்கொள்ளலாம்?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்னும் வரையறைக்கு வெளியே வைக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளும், கிர்பான், குக்ரி உட்பட, இடம்பெறுகின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை அங்கேயும் விலக்குப் பெறுகின்றன. இவ்வகைக்கு உரிமம் தேவைப்படுவது, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் ஆகும்.

இதன் நடைமுறைப் பொருளைக் கவனியுங்கள். 12 அங்குலக் கொடுவாள் தோப்பில் வேளாண் கருவி. 10 அங்குல இருபுறக் கூர்க் குத்துவாளுக்கு அந்த விலக்கைக் கேட்க முடியாது. அதே கொடுவாளையும் இரவில் பேருந்து நிலையத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு நின்றால், அது கருவி என்று காவலரிடம் நிறுவும் பொறுப்பு உங்களுடையது ஆகிவிடும். சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி, மற்றக் கருவிகளோடு எடுத்துச் செல்வதே முறை. பட்டறைகள் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் பதிய வேண்டும் என்று 2021-இல் தமிழகக் காவல்துறை அறிவுறுத்தியது; உங்களிடமும் கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை.

வால்பாறை, சத்தியமங்கலம் பக்கம் மலையேறும்போது எடுத்துச் செல்லலாமா?

சரணாலயத்துக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. அச்சட்டத்தின் வரையறையில் கத்தியும் ஆயுதமே. வேளாண் கருவி என்ற வாதம் அங்கே உதவாது. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் போகிறவர் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். வழிகாட்டியாக வரும் வனத்துறைப் பணியாளரிடம் தேவையான கருவி இருக்கும்.

தோட்டத்து வீடான சாளையில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். தற்காப்புக்கு ஒரு போர்க்கத்தி வைத்திருப்பது நல்லதல்லவா?

இக்கேள்வியின் பின்னால் இருக்கும் அச்சம் நியாயமானது. அடுத்த வீடு கூப்பிடு தொலைவில் இல்லாத சாளைகளில் வாழ்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பயிற்சி இல்லாதவர் கையிலுள்ள கத்தி, வலுவும் எண்ணிக்கையும் மிகுந்தவர்கள் எதிரே வரும்போது பறிக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. எனினும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்வதை அனுமதிப்பதில்லை. அந்த அளவை இருட்டில் கணக்கிடுவது எளிதன்று.

கத்திக்கு ஒதுக்கிய பணத்தை உள்தாழ்ப்பாள் உள்ள உறுதியான கதவு, ஆள் நடமாட்டத்தில் தானே எரியும் விளக்கு, படுக்கையருகே மின்னேற்றிய கைபேசி ஆகியவற்றில் செலவிடுங்கள். 112 என்ற எண் பெரியவர்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். குரைக்கும் நாய் ஒன்று எந்தப் போர்க்கத்தியைக் காட்டிலும் முன்னதாக எச்சரிக்கும்.

சாணை பிடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் வாயோரம் நீலம் பாயும். அந்த இடத்தில் சூடு 300 பாகையை எட்டிவிட்டது, தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். நீலம் பாய்ந்த பகுதியை மெல்ல மெல்லத் தேய்த்து அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சாணைக்காரரிடம் நீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அன்றாடத் தேவைக்கு அரமும் கையால் தேய்க்கும் கல்லும் போதும். வெட்டுக்கத்திக்கு ஒவ்வொரு புறமும் 20 முதல் 25 பாகைக் கோணம் ஏற்றது. சவரக்கத்திபோல் மெலிதாக்கினால் முதல் கணுவிலேயே பல் விழும். இளநீருக்கு மட்டும் சற்றுக் குறைக்கலாம்.

துருவும் உறையும்?

வாழைச்சாறும் மாம்பாலும் எஃகைக் கறுப்பாக்கும்; அந்தக் கறுப்பால் கேடில்லை. செம்மண் நிறத் துருவே அகற்ற வேண்டியது. வேலை முடிந்ததும் துடைத்து, விளக்கெண்ணெயோ இயந்திர எண்ணெயோ ஒரு துளி தடவினால் போதும். தோல் உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோலுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் கத்தி துருவோடு வெளிவரும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்வதானால் என்ன சொல்ல வேண்டும்?

என்ன வெட்டப் போகிறீர்கள், எந்தக் கையால் வெட்டுவீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஒருபுறம் மட்டும் சாய்வு வைத்த கத்தி இடக்கைக்காரருக்கு ஒத்துவராது. இதைப் பலர் கத்தி கைக்கு வந்த பிறகே உணர்கிறார்கள். பழகிய பழைய கொடுவாள் இருந்தால் அதையே கொண்டுபோய், பிடித்ததையும் பிடிக்காததையும் காட்டுங்கள். முதுகின் தடிமன் பிடியருகே 6 மில்லிமீட்டர் இருந்து முனை நோக்கி மெலிய வேண்டுமா, மூக்கில் கனம் வேண்டுமா என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், தைப்பொங்கலை ஒட்டிக் கரும்பு வெட்டும் நெருக்கடியில் பட்டறைகளில் கூட்டம் இருக்கும், தோய்ச்சலுக்குரிய பொறுமை அப்போது கிடைக்காது. ஆடி மாதத்துக்கு முன் கொடுத்தால் நிதானமாகச் செய்து தருவார்கள். வாங்கிய பின் ஒரு வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு, வாய் மடிகிறதா பல் விழுகிறதா என்பதை அவரிடமே போய்ச் சொல்லுங்கள். நல்ல கொல்லர் மறுபடி காய்ச்சித் தோய்த்துக் கொடுப்பார். இணையக் கடையில் வாங்கிய கத்திக்கு இந்த வசதி இல்லை.